கிருமி சாவுக்குக் கணக்கு இருக்கு, எங்க சாவுக்கு?

'பாதாள சாக்கடை அடைப்பை நீக்க இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் எதிர்பாராத விதமாக விஷவாயு தாக்கி உயிரிழந்தனர். போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்.'

தோழர்களே, இந்தச் செய்தியை எத்தனை தடவை படித்திருப்பீர்கள்? ஊர்ப் பெயர் மாறும், செத்தவர் பெயர் மாறும், வயசு மாறும். மத்ததெல்லாம் அச்சுக் கோத்தபடியே கிடக்கும். அதில் எப்போதும் மாறாத வார்த்தை ஒன்று உண்டு: 'எதிர்பாராத விதமாக'.

யாரு எதிர்பாக்கல? அந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரை. செத்தவன் எதிர்பார்த்திருக்க மாட்டான், சரி. கான்ட்ராக்டர் 'எனக்கென்ன தெரியும்' என்பான், அதுவும் போகட்டும். ஆனால் சாக்கடையைக் கட்டிய, நடத்துகிற, அதைப் பாடமாக நடத்துகிற, படிக்கிற ஒரு பெரிய படிப்பாளிக் கூட்டம் இருக்கிறதே, அதுக்கும் தெரியாதா? தெரியும். நல்லாத் தெரியும். தெரிந்ததோடு விடவில்லை, கணக்காகவே போட்டு வைத்திருக்கிறார்கள். சாக்கடைக்குள் எந்தக் கிருமி எவ்வளவு தின்னும், எவ்வளவு மூச்சு விடும், எப்போது சாகும், எந்த வாயு எந்த அளவில் கிளம்பும் என்று சமன்பாடு எழுதி, கம்ப்யூட்டரில் ஓட்டி, மாநாடு போட்டுப் பேசுகிறார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் உயிரியல் நிகழ்வுகளுக்கான கணித மாதிரி என்று இதற்குப் பெயர். இதை நாம் படித்தாக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

கணக்கு எங்கே பிறந்தது

1914ஆம் வருடம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தின் டேவிஹூல்ம் கழிவுநீர் நிலையத்தில் ஆர்டன், லாக்கெட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சாக்கடைத் தண்ணியைப் பாத்திரத்தில் பிடித்துக் காற்று ஊதினார்கள். முழுசாகச் சுத்தமாக வாரக்கணக்கில் ஆனது. சுத்தமான தண்ணியை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்மேலேயே புதுச் சாக்கடையை ஊற்றி மறுபடி ஊதினார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்யச் செய்ய வாரங்கள் நாட்களாகி, நாட்கள் மணிகளாகிவிட்டன. ஏன்? அந்தச் சேறு வெறும் சேறில்லை. அத்தனையும் உயிர். கோடிக்கணக்கான பாக்டீரியா. அழுக்கைத் தின்று வளர்ந்து, கட்டி கட்டியாகச் சேர்ந்து, அடியில் படிகிறது. இதுதான் 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்', உயிரூட்டிய சேறு. இன்றைக்கும் உலகத்துப் பெருநகரங்களின் கழிவில் பெரும்பகுதி இந்த வழியில்தான் சுத்தமாகிறது.

கவனியுங்கள். அழுக்கைத் தொடுகிறவனைத் தீட்டு என்று ஊருக்கு வெளியே வைத்த நாட்டுக்கு இந்தச் சேறு ஒரு பாடம் சொல்லியது: அழுக்கை எடுப்பவைதான் ஊரையே உயிரோடு வைத்திருக்கின்றன. அந்தப் பாடத்தை நம் ஆட்கள் படித்தார்கள். பாக்டீரியாவுக்கு மட்டும் மரியாதை கொடுத்தார்கள்.

அடுத்தது 1942. ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த பாரிசில் ழாக் மோனோ என்கிற ஆய்வாளர், நாஜிகளை எதிர்த்த தலைமறைவு இயக்கத்திலும் இருந்தவர், பாக்டீரியா வளர்ச்சிக்கு ஒரு சமன்பாடு எழுதினார். விஷயம் எளிதுதான். பசித்தவன் முன்னால் ஒரு இட்லி வைத்தால் ஒண்ணு தின்பான், அஞ்சு வைத்தால் அஞ்சு தின்பான். ஐம்பது வைத்தால்? வயிறு கொள்கிற அளவுக்கு மேல் முடியாது. சாப்பாடு குறைவாக இருக்கும்போது வளர்ச்சி சாப்பாட்டைப் பொறுத்தது; நிறைய இருக்கும்போது வளர்ச்சிக்கு ஒரு உச்சவரம்பு. உச்ச வேகத்தில் பாதி வேகத்துக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டுமோ, அது ஒரு எண். இந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டால் கிருமியின் வயித்துக் கணக்கு கைக்கு வந்துவிடும்.

1987இல் இதெல்லாம் ஒன்று சேர்ந்தது. டென்மார்க்கின் ஹென்ஸே, அமெரிக்காவின் கிரேடி, சுவிட்சர்லாந்தின் கூயர், தென்னாப்பிரிக்காவின் மராய்ஸ், ஜப்பானின் மாட்சுவோ என்று ஐந்து பேர் கொண்ட சர்வதேசக் குழு ஒரு மாதிரியை வெளியிட்டது. பெயர் ஏ.எஸ்.எம்.1. இதில் 13 பொருட்கள், 8 நிகழ்வுகள். கரைந்த ஆக்சிஜன் ஒரு பொருள். அம்மோனியா ஒரு பொருள். சீக்கிரம் செரிக்கிற அழுக்கு ஒன்று, மெதுவாகச் செரிக்கிற அழுக்கு ஒன்று, எந்தக் காலத்திலும் செரிக்காத அழுக்கு தனியாக. எல்லாம் ஒரு கட்டம் போட்ட அட்டவணை. குறுக்கே பொருட்கள், கீழே நிகழ்வுகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண். அழகான வேலை. குறை சொல்ல வரவில்லை.

அந்த எட்டு நிகழ்வில் நாலாவதும் ஐந்தாவதும் என்ன தெரியுமா? சாவு. கரிமப் பொருளைத் தின்னும் பாக்டீரியாவின் சாவு ஒன்று, அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவின் சாவு இன்னொன்று. இருபது டிகிரி வெப்பத்தில் முதல் வகைக்கு நாள் ஒன்றுக்கு 0.62 என்று வேகம் குறித்திருக்கிறார்கள். செத்த உடம்பில் எத்தனை பங்கு மறுபடி சாப்பாடாகிறது, எத்தனை பங்கு செரிக்காத மிச்சமாகத் தங்குகிறது, அதுக்கும் கணக்கு: நூற்றுக்கு எட்டு மிச்சம். ஒரு கிருமி செத்தால் அதன் பிணம் எங்கே போச்சு என்பது வரைக்கும் கணக்கு தவறாது. தவறினால் சமன்பாடு நிற்காது.

சரி. மேன்ஹோல் மூடியைத் திறந்து இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குகிறவன் எந்தக் கட்டத்தில் இருக்கிறான்? அவன் சாவு எத்தனையாவது நிகழ்வு?

'அது எங்கள் எல்லைக்கு வெளியே'

உடனே பதில் வரும். 'அண்ணே, உணர்ச்சிவசப்படாதீங்க. மாதிரி என்றால் அதுக்கு ஒரு எல்லை உண்டு. நிலையத்துக்குள் தண்ணி வந்து சேர்ந்த பிறகுதான் எங்கள் கணக்கு ஆரம்பம். குழாயில் நடப்பது வேறு துறை. வேலைக்காரன் விவகாரம் லேபர் டிபார்ட்மென்ட்.'

ஒப்புக்கொள்கிறேன். எந்தக் கணக்குக்கும் எல்லை வேண்டும். உலகத்தையே ஒரு சமன்பாட்டில் அடைக்க முடியாது. என் கேள்வி எல்லை இருப்பதைப் பற்றியது இல்லை. எல்லைக்கோட்டை யாரு போட்டா என்பதைப் பற்றியது. ஊருக்கும் ஒரு எல்லை உண்டு. அதைப் போட்டவனும் 'இது இயற்கையான ஏற்பாடு' என்றுதான் சொன்னான். ஊர்க் கணக்குப் பிள்ளையின் பேரேட்டில் ஊர்ச்சொத்து எல்லாம் ஏறும். சேரி ஆளின் உழைப்பு மட்டும் ஏறாது. உழைப்பு வேண்டும், பதிவு வேண்டாம்.

இது வெறும் உவமை இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தை எப்படி நடத்தினால் நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்க, இதே துறை ஒரு பொதுவான சோதனை மாதிரி வைத்திருக்கிறது. உலகம் முழுக்க ஆய்வு மாணவர்கள் அதை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஐந்து தொட்டி, கடைசியில் ஒரு படிவுத் தொட்டி. பதினாலு நாள் வெயில் ஒரு கோப்பு, மழை ஒரு கோப்பு, புயல் மழை ஒரு கோப்பு. கடைசியில் செலவுக் குறியீடு என்று ஒரு எண் வரும். அதில் என்னென்ன சேரும்? காற்று ஊதும் மின்சாரம். பம்ப் ஓடும் மின்சாரம். கலக்கும் மின்சாரம். வெளியேற்றும் சேறு. வெளியில் வாங்கி ஊற்றும் கார்பன். முடிஞ்சது. வேலை செய்யும் ஆள் அதில் இல்லை. புயல் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்கக் கோப்பு இருக்கு. ஆள் இறங்கினால் என்ன ஆகும் என்று பார்க்கக் கோப்பு இல்லை.

ஐரோப்பாவில் எழுதிய மாதிரி, அங்கே ஆள் இறங்கும் நிலைமை வேறு, அதனால் விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இங்கே அதை எடுத்துப் பாடம் நடத்துகிறவன், ஆராய்ச்சிப் பட்டம் வாங்குகிறவன் சேர்த்திருக்க வேண்டாமா? ஒவ்வொரு ஊருக்கும் மாதிரியைத் திருத்திப் பொருத்த வேண்டும் என்பது இந்தத் துறையின் முதல் பாடம். வெப்பத்தைத் திருத்துகிறாய், கழிவின் கெட்டித்தன்மையைத் திருத்துகிறாய். சாதியைத் திருத்தத் தெரியலையா?

குழாய்க்குப் பயந்தவர்கள்

இனி முக்கியமான இடம். 'குழாய்க்குள் நடப்பது வேறு துறை' என்றார்களே, அந்தத் துறைக்கே போவோம். அங்கேயும் கணக்கு இருக்கிறது.

சாக்கடைக் குழாயின் உட்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் படியும். தண்ணியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தப் படலத்துக்குள் ஒரு வகை பாக்டீரியா வேலையை ஆரம்பிக்கும். நாம் ஆக்சிஜனை மூச்சு வாங்குவதுபோல அது சல்ஃபேட்டை வாங்கும். விடுவது சல்ஃபைடு. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகக் கிளம்பும். அழுகிய முட்டை நாத்தம். மேலே போய்க் குழாயின் ஈரமான கூரையில் ஒட்டினால் வேறொரு பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். அமிலம் கான்கிரீட்டை அரிக்கும். 1945இல் மெல்போர்னில் பார்க்கர் என்ற ஆய்வாளர் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்து, கான்கிரீட்டைத் தின்னும் கிருமி என்று அர்த்தம் வரும்படி பெயரும் வைத்தார்.

குழாய் அரிக்கிறது என்றதும் பதறிவிட்டார்கள். கோடிக்கணக்கான பணம் மண்ணுக்குள் கிடக்கிறதே! உடனே ஆராய்ச்சி, உடனே சமன்பாடு. 1977இல் கலிஃபோர்னியாவின் பொமராய், பார்க்ஹர்ஸ்ட் இருவரும் சாக்கடையில் சல்ஃபைடு சேரும் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கும் சொல் என்ன தெரியுமா? முன்னறிவிப்பு. சல்ஃபைடு சேரும் வேகத்தை முன்கூட்டிச் சொல்லுதல். கழிவின் கெட்டித்தன்மை, குழாயின் சரிவு, ஓடும் வேகம், வெப்பம் ஆகியவற்றைக் கொடு, எவ்வளவு சல்ஃபைடு வரும் என்று சொல்கிறேன் என்கிறது சூத்திரம். பிறகு டென்மார்க்கிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்னும் நுணுக்கமான மாதிரிகள் வந்தன. முதல் கவலை கான்கிரீட், நாத்தம். இறங்கும் மனிதனுக்காகப் பிறந்த கணக்கு இல்லை இது.

ஆனாலும் அந்தக் கணக்கு நமக்குச் சாட்சி சொல்கிறது. போட்டுப் பாருங்கள்.

முதலாவது, வெப்பம். பொமராய் வழியில் ஒரு டிகிரி ஏறினால் கழிவின் வீரியத்தை 1.07ஆல் பெருக்க வேண்டும். இருபது டிகிரியில் இருந்து முப்பது டிகிரிக்குப் போனால் 1.07ஐப் பத்துத் தடவை பெருக்குங்கள். 1.97 வரும். ஏறத்தாழ இரண்டு மடங்கு. லண்டனில் ஒரு பங்கு என்றால் நம்ம ஊர் வெயிலில் இரண்டு பங்கு. இது தெரிய பட்டம் வேண்டாம், பத்தாம் வகுப்புப் பெருக்கல் போதும்.

இரண்டாவது, கரைசல். 1803இல் வில்லியம் ஹென்றி சொன்ன விதி: தண்ணியில் கரைந்த வாயுவுக்கும் மேலே நிற்கும் காற்றில் உள்ள வாயுவுக்கும் ஒரு நிலையான விகிதம் உண்டு. ஒரு லிட்டர் சாக்கடையில் ஒரே ஒரு மில்லிகிராம் ஹைட்ரஜன் சல்ஃபைடு கரைந்திருக்கட்டும். மூடிக் கிடக்கும் குழிக்குள் தண்ணியும் காற்றும் சமநிலைக்கு வந்தால், காற்றில் சுமார் 300 பிபிஎம் நிற்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் முந்நூறு பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் வைத்திருக்கும் கோடு 100 பிபிஎம். 500ஐத் தாண்டினால் சில நிமிடத்தில் மயக்கம், சாவு. ஆயிரத்துக்குப் பக்கம் போனால் ஓரிரு மூச்சு.

மூன்றாவது, கலக்குதல். சேற்றுக்குள் அடைபட்டிருக்கும் வாயு சோடா பாட்டில் மாதிரி. குலுக்காத வரை சும்மா இருக்கும். இறங்கியவன் அடைப்பைக் குத்தும்போது, சேற்றைக் கிளறும்போது குபீரென்று கிளம்பும். இறங்கும் முன்னால் சரியாக இருந்த குழி, வேலை ஆரம்பித்த பிறகு கொல்லும். அதாவது அந்த வேலையே வாயுவைக் கிளப்புகிறது.

நான்காவது, மூக்கு. நம்ம பெரியவர்கள் மூடியைத் திறந்துபோட்டுக் காத்திருப்பார்கள், தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள். அது அனுபவ அறிவு, தலைமுறை அறிவு. அதைக் கேலி செய்கிறவன் ஒரு நாள் இறங்கிப் பார்க்கட்டும். ஆனால் 100 பிபிஎம்மைத் தாண்டியதும் இந்த வாயு மூக்கையே செயலிழக்க வைத்துவிடும். நாத்தம் நின்னுபோச்சு, வாயு போயிடுச்சு என்று நினைப்பான். போகவில்லை, கூடியிருக்கிறது. ஒருவன் விழுந்தான் என்று அண்ணன் இறங்கி, தம்பி இறங்கி, மூன்று பிணம் எடுக்கிறோமே, இதனால்தான்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கும் சங்கதி. சூத்திரம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு, விதி வந்து இருநூறு வருஷம் ஆச்சு. இதுக்கப்புறமும் 'எதிர்பாராத விதமாக' என்று எழுதினால் அதுக்கு என்ன பெயர்? எதிர்பார்க்கப்பட்டது. எண்ணோடு எதிர்பார்க்கப்பட்டது. குழாய்க்கு வரும் ஆபத்தை முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தவனுக்கு, அதே குழாய்க்குள் இறங்கும் உயிருக்கு வரும் ஆபத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கான்கிரீட்டுக்கு இருக்கும் மதிப்பு நமக்கு இல்லை.

கேப் டவுனில் ஒரு கதை

இது நம்ம நாட்டு நோய் மட்டும்தானா? ஏ.எஸ்.எம்.1 குழுவில் மராய்ஸ் என்று ஒருவரைச் சொன்னேன். அவர் கேப் டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர். கிருமி செத்து மறுபடி சாப்பாடாகும் அந்தச் 'சாவு-மறுபிறப்பு' கணக்கு 1980இல் அங்கேயிருந்துதான் வந்தது. நிறவெறி ஆட்சிக் காலம். 1959ஆம் வருடச் சட்டப்படி கறுப்பு மாணவன் அந்த மாதிரிப் பல்கலைக்கழகத்தில் சேர அரசாங்கத்தின் தனி அனுமதி வேண்டியிருந்தது. அதே நாட்டில் கறுப்பர் குடியிருப்புகளில் வாளிக் கக்கூஸ். வாளியைத் தூக்கியவன் கறுப்பன். 1918இல் ஜோகன்னஸ்பர்க்கில் மலவாளி சுமந்த தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, 152 பேருக்கு இரண்டு மாதம் கடுங்காவல் விதித்தார்கள். ஜெயிலில் என்ன வேலை தெரியுமா? அதே வாளி சுமப்பது, காவலர் துணையோடு.

மராய்ஸ் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய கணக்கு உலகத்து ஆறுகளைக் காப்பாற்ற உதவியிருக்கிறது. நான் சொல்வது வேறு. உலகத்திலேயே நுட்பமான மலக் கணக்கும், உலகத்திலேயே கேவலமான மலவாளியும் ஒரே நாட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடிந்தது. கணக்கு வளர்ந்தால் வாளி தானாகக் காணாமல் போகும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். போகாது. 2015 மார்ச் மாதம் அதே கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஒரு கறுப்பு மாணவர், கயலிட்ஷா குடியிருப்பிலிருந்து மலத்தைக் கொண்டுவந்து செசில் ரோட்ஸ் சிலைமேல் கொட்டினார். நிறவெறி ஆட்சி ஒழிந்து இருபது வருஷம் கழித்து! ஒரு மாதத்தில் சிலை இறங்கியது. சமன்பாட்டில் இல்லாதவன் சமன்பாடு பிறந்த இடத்துக்கே வந்து நின்றான்.

சாக்குகள்

முதல் சாக்கு: 'மாதிரி தோராயமானது. துல்லியமாகச் சொல்ல முடியாது.' உண்மைதான், பல இடங்களில் கணக்கு தவறும். ஆனால் இதே தோராயத்தை வைத்துத்தானே குழாயின் கனம், பூச்சு, ரசாயனம் எல்லாம் முடிவு செய்கிறாய்? பணம் செலவழிக்கப் போதுமான கணக்கு, உயிரைக் காப்பாற்ற மட்டும் போதவில்லையா? சந்தேகம் இருந்தால் முடிவு என்ன? இறங்காதே என்பதுதான் முடிவு. சந்தேகத்தின் பலன் கான்ட்ராக்டருக்குப் போகக் கூடாது.

இரண்டாவது சாக்கு: 'சட்டம் இருக்கிறதே.' இருக்கு. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2013 சட்டத்தின் 7ஆம் பிரிவு ஆபத்தான முறையில் சாக்கடை, செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய வைப்பதைத் தடுக்கிறது. ஆனால் 'ஆபத்தான சுத்தம்' என்பதற்கு விளக்கம் என்ன? பாதுகாப்புக் கருவி கொடுக்காமல், முன்னெச்சரிக்கை செய்யாமல் இறக்குவது. அப்படியானால் கையுறையும் முகமூடியும் கணக்கில் காட்டினால்? இறக்கலாம். இதுதான் சட்டத்துக்குள்ளேயே வைத்த மேன்ஹோல். செத்த பிறகு வழக்கு எதில் போடுகிறார்கள்? அஜாக்கிரதையால் மரணம். பழைய 304ஏ, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 106. சாலையில் லாரி மோதியவனுக்கும் இதுதான், நம்மைக் குழிக்குள் இறக்கியவனுக்கும் இதுதான்.

மூன்றாவது சாக்கு: 'ரோபோ வந்துடுச்சு.' வரட்டும். கேரளத்தில் 2018இல் மேன்ஹோல் ரோபோ வந்தது, சென்னை ஐ.ஐ.டி.யில் செப்டிக் டேங்க் ரோபோ செய்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் எந்திரம் போக முடியாத சந்து, வாடகை கட்டுபடியாகாத பேரூராட்சி, ராத்திரியில் போன் போட்டு ஐநூறு ரூபாய்க்கு ஆள் கூப்பிடும் வீட்டுக்காரன் என்று எல்லாம் இருக்கும்வரை நம்ம உடம்புதான் மலிவான எந்திரம். 2024இல் ஒன்றிய அரசு எடுத்த கணக்கில், சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர் ஏறத்தாழ 38,000 பேரில் கிட்டத்தட்ட 69 சதவீதம் பட்டியல் சாதி. மீதியிலும் பெரும்பகுதி பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர். இந்த எண்ணை எந்த மாதிரி விளக்கும்? மோனோவின் சமன்பாடா? மனுவின் சமன்பாடா?

செலவா, தடையா

இப்போது நம் பக்கம் இருந்தே ஒரு கேள்வி வரும். 'அப்படின்னா என்ன கேக்குறீங்க? நம்ம ஆளையும் பதினாலாவது பொருளா அட்டவணையில சேக்கச் சொல்றீங்களா?'

இல்லை. கண்டிப்பாக இல்லை. இங்கேதான் கணக்கை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நிலையத்தை நடத்த எது சிறந்த வழி என்று தேடும் கணக்கில் இரண்டு வகை எண்கள் உண்டு. ஒன்று செலவு. இன்னொன்று தடை. செலவு என்றால் கூட்டிக் குறைத்துப் பேரம் பேசலாம். மின்சாரம் கூடினால் பரவாயில்லை, சேறு குறையட்டும் என்று ஒன்றுக்கு ஒன்று ஈடு செய்யலாம். தடை அப்படி இல்லை. அதைத் தாண்டிய வழி எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது வழியே இல்லை. கணக்கிலிருந்து தள்ளப்படும்.

2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 1993 முதல் சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. போராடி வாங்கியது, குடும்பங்களுக்கு அது வேண்டும், ஒரு ரூபாய் குறையாமல் வாங்கித் தருவோம். ஆனால் நஷ்ட ஈடு என்பது கணக்கின் மொழியில் செலவு. முப்பது லட்சம் ஒரு பக்கம், ஜெட்டிங் எந்திரம், ரோபோ, ஆள் சம்பளம் இன்னொரு பக்கம். எது மலிவு என்று எவனோ ஒருவன் கூட்டிப் பார்ப்பான். அதிலும் செத்தால்தான் முப்பது. சாகாவிட்டால் ஐநூறோடு போச்சு. அந்தக் கூட்டலில் நாம் தோற்றுக்கொண்டே இருப்போம்.

ஆகவே நமது கோரிக்கை செலவு அல்ல, தடை. குழிக்குள் இறங்கும் மனிதர் எண்ணிக்கை: சுழி. கருவி கொடுத்தாலும் சுழி, அவசரம் என்றாலும் சுழி. இதை எந்த எண்ணோடும் ஈடு கட்ட முடியாது. இந்தத் தடைக்குள் நின்று நகரத்தைச் சுத்தமாக வைக்க வழி கண்டுபிடி. நீ இன்ஜினியர், அதுக்குத்தான் சம்பளம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் ஆள் இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்தச் சொன்னது. ஆறு நகரம் ஏன்? ஹென்றியின் விதி ஆறு நகரத்தில் மட்டுமா வேலை செய்கிறது? பேரூராட்சிச் சாக்கடையில் வாயு வேறயா?

படிக்கும் தோழர்களுக்கு

கடைசியாக நம்ம பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. இன்ஜினியரிங் காலேஜில், ஆதிதிராவிடர் நல விடுதியில் இருந்துகொண்டு படிக்கிற தம்பி, தங்கச்சி. நம்ம கூட்டங்களில் ஒரு பேச்சு ஓடுகிறது: 'கணக்கு, மாடல் எல்லாம் அவாள் சமாச்சாரம். நமக்கு அரசியல் போதும்.' இந்தப் பேச்சை நான் எதிர்க்கிறேன். கணக்கு யாருடைய அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. கணக்கை நம்மகிட்ட இருந்து பிடுங்கி வைத்தார்கள் என்பதற்காக, பிடுங்கினவனுக்கே அதைப் பட்டா போட்டுக் கொடுக்காதீர்கள். 'சாக்கடை வேலையிலிருந்து தப்பிச்சு வந்தேன், மறுபடி சாக்கடைப் பாடமா' என்று அருவருப்பு வரலாம். எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் குழிக்குள் என்ன நடக்கிறது என்று உன் சித்தப்பனுக்கு உடம்பால் தெரியும், அவர்களுக்கு எண்ணால் தெரியும். இரண்டும் தெரிந்த ஆள் இதுவரைக்கும் ரொம்பக் குறைவு. நீ அந்த ஆளாக வா.

வந்தால் என்ன செய்யலாம்? ஒன்று, ஒவ்வொரு சாவிலும் அந்தக் குழாயின் சரிவு, ஓட்டம், வெப்பம், கழிவின் கெட்டித்தன்மையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கு. பொமராய் சூத்திரத்தைப் போடு. வரும் எண்ணை நீதிமன்றத்தில் வை. 'எதிர்பாராத' என்ற சொல் அங்கேயே செத்துப்போகும். இரண்டு, முதல் தகவல் அறிக்கையில் அஜாக்கிரதை மட்டும் போட்டால் விடாதே. 2013 சட்டத்தின் 7, 9ஆம் பிரிவுகளைச் சேர்க்கச் சொல். 2015இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், கையால் மலம் அள்ள வைப்பதை வன்கொடுமை என்கிறது. அதையும் சேர்க்கச் சொல். தெரிந்தே இறக்கியது எப்படி அஜாக்கிரதை ஆகும்? மூன்று, நகராட்சி, மாநகராட்சியிடம் வாயு வரைபடம் கேள். எந்தத் தெருக் குழாயில் எந்த மாதத்தில் எவ்வளவு சல்ஃபைடு வரும் என்று கணக்கிட்டு, பொதுவில் தமிழில் ஒட்டச் சொல். குழாய்க்காகச் செய்ய முடிந்த கணக்கை மனிதனுக்காகச் செய். நான்கு, சட்டத்தில் 'பாதுகாப்புக் கருவியோடு இறக்கலாம்' என்று விட்டிருக்கும் ஓட்டையை அடைக்கப் போராடு.

சுத்திகரிப்புக்கு நாம் எதிரி இல்லை. சுத்திகரிக்காத சாக்கடை முதலில் ஓடி வருவது நம்ம தெருவுக்குத்தான். அழுக்கைத் தின்னும் கிருமிக்கும் நாம் எதிரி இல்லை. அதன் சாவுக்குக் கணக்கு வைத்ததையும் பாராட்டுகிறோம். நாம் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த தடவை செய்தி எழுதுகிறவன், வழக்கு எழுதுகிறவன், சமன்பாடு எழுதுகிறவன் மூணு பேரும் பேனாவை எடுக்கும் முன்னால் ஒரு எண்ணை எழுதட்டும். குழிக்குள் இறங்க வேண்டிய மனிதர்: 0.

அந்தச் சுழி வரும்வரைக்கும் 'எதிர்பாராத' என்று எவன் எழுதினாலும், கணக்கைக் கொண்டுபோய் அவன் மேசைமேல் வைப்போம்.